படுக்கைப் புண்ணும் ஒரு தாதியின் ஆராய்ச்சியும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நான்காங் கூறாக அவர் வைப்பது உழைச்செல்வானை. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று வேண்டுவன செய்பவனே உழைச்செல்வான். வகுப்பில் இக்குறளைக் கற்பிக்குந்தோறும் மாணவர் முதல் மூன்று கூறுகளையும் தயங்காது சொல்லிவிடுவர், நான்காவதில் நின்றுவிடுவர். பக்கத்தில் நிற்பவனை மறந்துவிடுதல் மாணவர்க்கு மட்டுமன்றி உலகத்துக்கும் இயல்பாயிற்று. வைத்தியரின் பெயர் நூல்களில் நிலைக்கின்றது. மருந்தின் பெயர் புட்டியில் நிலைக்கின்றது. இராமுழுதும் விழித்திருந்து நோயாளியைப் புரட்டிக் கிடத்திய தாதியின் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை.

அங்ஙனம் பக்கத்தே நின்ற ஒருவர், தாம் நாடோறுஞ் செய்துவந்த தொழிலையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு, வழக்கமாகச் செய்யப்பட்டுவந்த செயல்களுள் எவை பயனுடையன, எவை பயனற்றன என்று எண்ணிக் கணக்கிட்டு உலகுக்கு உணர்த்தினார். அவர் இங்கிலாந்து நாட்டுத் தாதியாகிய டொறீன் நோட்டன் (1922–2007). அவர் ஆராய்ந்த பொருள் படுக்கைப் புண். பொருள் சிறிதெனத் தோன்றும். ஆயின் நெடுநாட் படுக்கையிற் கிடக்கும் முதியோர் ஒருவரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணியவர் எவரும் அதனைச் சிறிதென்று சொல்லார்.

புண் உண்டாகும் வகை

படுக்கைப் புண் என்பது வெளியிலிருந்து வந்து பற்றும் நோயன்று. உடம்பின் பாரமே உடம்புக்குப் பகையாகும் நிலை அது. நமது தோலுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள இழையங்களுக்கு மயிர்த்துளைக் குழாய்கள் வழியாக இரத்தம் செல்கின்றது. அக்குழாய்களுள் இரத்தத்தின் அமுக்கம் மிகக் குறைவு. 1930 ஆம் ஆண்டில் லாண்டிஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதனை அளந்தபோது, குழாயின் தொடக்கத்தில் அது சராசரி 32 மில்லிமீற்றர் இரசம் எனக் கண்டார். படுத்திருப்பவரின் இடுப்பெலும்பு, குதிக்கால் போன்ற இடங்களில் உடற்பாரம் இதனினும் மிக்க அமுக்கத்தை எளிதில் உண்டாக்கும். அப்போது குழாய்கள் நசுங்கும், இரத்தம் செல்லாது, ஒட்சிசனும் உணவும் பெறாத கலங்கள் மெல்ல மெல்ல மடியும்.

அங்ஙனமாயின் நாமெல்லாம் இரவு முழுதும் உறங்கியும் புண்ணின்றி எழுவது எவ்வாறு? உறக்கத்திலும் நாம் அசைகின்றோம் என்பதே விடை. ஓரிடத்தில் இரத்தங் குறைந்தவுடன் உடம்பு நம்மை அறியாமலே புரண்டு படுக்கின்றது. பாரிசவாதத்தால் உணர்விழந்தவர், முள்ளந்தண்டு முறிந்தவர், நினைவு மங்கியவர், எலும்பு முறிந்து கட்டுண்டு கிடப்பவர் ஆகியோர்க்கு இவ்வியற்கைக் காவல் இல்லை. அவர்க்காகப் பிறரொருவர் புரட்டுதல் வேண்டும்.

அமுக்கத்தோடு காலமும் சேர்ந்தே புண்ணை ஆக்குகின்றது. பேரமுக்கம் சிறிது நேரத்திற் செய்யுங் கேட்டைச் சிற்றமுக்கம் நெடுநேரத்திற் செய்துவிடும் என்பதனை 1959 இல் கோசியாக் என்னும் அமெரிக்க வைத்தியர் விலங்குகளிற் பரிசோதித்துக் காட்டினார். இவற்றோடு உராய்வும் இழுப்பும் சேரும். நோயாளியின் தலைப்புறத்தை உயர்த்திச் சாய்த்து வைத்தால், தோல் விரிப்பில் ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் எலும்பு கீழ்நோக்கிச் சரியும். இடையிலகப்பட்ட இரத்தக் குழாய்கள் முறுகிக் கிழியும். மலசலத்தாலும் வியர்வையாலும் நனைந்த தோல் இக்கேட்டுக்கு மிக எளிதில் ஆளாகும். இவ்வாறு தொடங்கும் புண் முதலிற் சிவந்த ஒரு தடமாகவே தோன்றும். தடுக்காவிடின் எலும்பு தெரியும் அளவுக்கு ஆழ்ந்து, நஞ்சேறி, உயிரையும் போக்கும்.

முற்காலத்தார் கொண்ட கருத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாரிசு நகரத்திற் புகழ்பெற்று விளங்கிய வைத்தியர் ஷார்க்கோ, மூளையும் நரம்பும் பழுதுற்றமையாலேயே இப்புண் தோன்றுகின்றதென்றும், அதனைத் தடுத்தல் அரிதென்றுங் கொண்டார். அவருக்கு முன்னரே பிறவுண்-செக்கார் என்பவர், முள்ளந்தண்டு நரம்பு அறுக்கப்பட்ட சிறு விலங்குகளைத் துப்புரவாகவும் அமுக்கமின்றியும் வைத்திருந்தாற் புண் தோன்றாமையைக் கண்டிருந்தார். ஆயினும் ஷார்க்கோவின் பெருமை அவர் கருத்துக்கும் பெருமை தந்தது. தடுக்க முடியாததொன்றைத் தடுக்க முயல்வார் யார்?

இதற்கு நேர்மாறாக, புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859 இல் வெளியிட்ட தாதித் தொழில் பற்றிய நூலில் படுக்கைப் புண்ணை நோயின் குற்றமாகக் கருதாது, பெரும்பாலும் பேணுதலின் குற்றமாகவே கருதினார். இக்கருத்து நன்மையுந் தந்தது, இடருந் தந்தது. தடுக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது நன்மை. ஆயின் தம் நோயாளிக்குப் புண் வந்துவிட்டால் அது தமக்கு இழுக்கென்று தாதியர் நாணவும், அதனை வெளியிற் பேசாதிருக்கவும் நேர்ந்தது. ஒன்றை வெளிப்படப் பேசாத இடத்தில் ஆராய்ச்சி எவ்வாறு வளரும்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்நிலை சிறிது மாறிற்று. சேர்மனியிலிருந்து 1939 இல் அடைக்கலம் புகுந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944 பெப்ருவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு முறிந்த போர்வீரர்க்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். இத்தகையோர் சில மாதங்களில் இறந்துபடுவர் என்பதே அக்கால எதிர்பார்ப்பு. அவரோ இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டவேண்டுமென விதித்தார். அவர் பேணிய வீரர் பிழைத்தெழுந்தனர். 1948 இல் அங்குத் தொடங்கிய விளையாட்டுப் போட்டிகளே பின்னர்ப் பராலிம்பிக்காக வளர்ந்தன.

விற்றிங்டன் வைத்தியசாலை ஆராய்ச்சி

ஆயினும் பொதுவான வைத்தியசாலைகளிற் பழைய முறைகளே தொடர்ந்தன. நோயாளியின் முதுகையும் குதிக்காலையும் நாடோறும் பலமுறை சவர்க்காரமிட்டுக் கழுவித் தேய்த்தல், மதுசாரம் பூசுதல், பவுடர் தூவுதல், களிம்பு தடவுதல் என இவை நீண்டன. ஒரு விடுதியிற் பூசியது மற்றொரு விடுதியிற் பூசப்படவில்லை. எதற்காக இதனைப் பூசுகின்றோம் என்று வினவினால், எமக்குக் கற்பித்த மூத்த தாதியர் அங்ஙனம் செய்தனர் என்பதே விடையாக இருந்தது.

இவ்விடையோடு அமைதி கொள்ளாதவரே நோட்டன் அம்மையார். இலண்டன் விற்றிங்டன் வைத்தியசாலையில் முதியோர் மருத்துவத்தில் வல்லவராகிய எக்ஸ்டன்-ஸ்மித் என்பவரோடும், மக்லாறன் என்னும் தாதியோடும் சேர்ந்து, முதிய நோயாளரைப் பேணுவதில் எழும் சிக்கல்களை அவர் முறையாக ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1962 இல் நூலாக வெளிவந்தது. 1975 இல் மறுபதிப்பும் பெற்றது. தாதித் தொழிலின் செயல்களைத் தாதியரே அறிவியல் முறையில் ஆராய்ந்த முன்னோடி நூல்களுள் ஒன்றாக இது இன்றும் மதிக்கப்படுகின்றது.

இந்நூலின் உள்ளத்தை அறிவதற்கு, எக்ஸ்டன்-ஸ்மித் அவர்கள் வேறொருவரோடு சேர்ந்து 1961 இல் வெளியிட்ட ஒரு சிறு ஆராய்ச்சி துணைசெய்யும். முதிய நோயாளரின் கட்டில்களில் ஒரு கருவியைப் பொருத்தி, ஓரிரவில் அவர் தாமாக எத்தனை முறை அசைகின்றனர் என்று பதிவு செய்தனர். ஐம்பது முறைக்கு மேல் அசைந்தவருள் எவர்க்கும் புண் வரவில்லை. இருபது முறையோ அதனிற் குறைவாகவோ அசைந்தவருட் பத்தில் ஒன்பது பேருக்குப் புண் வந்தது. அசைவே காவல் என்பது இவ்வாறு எண்ணினால் நிறுவப்பட்டது.

நோட்டன் அம்மையார் பூச்சுக்களையும் தேய்ப்புக்களையும் ஆராய்ந்தபோது, புண்ணைத் தடுப்பதில் அவற்றுள் ஒன்றேனுஞ் சிறந்ததாகத் தோன்றவில்லை. இரண்டு அல்லது மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்தி அமுக்கத்தை நீக்குதலே பயன் தந்தது. தலைமுறை தலைமுறையாகத் தாதியர் செலவிட்ட உழைப்பிற் பெரும்பகுதி வேறிடத்திற் செலவிடப்பட்டிருக்க வேண்டும் என்பது இதன் பொருள். இதனைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்; வெளியார் சொல்லியிருந்தாற் பழிப்பாகும்; அத்தொழிலையே செய்தவர் சொன்னமையால் அது திருத்தமாயிற்று.

நோட்டன் அளவுகோல்

எல்லா நோயாளரையும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுதற்கு எந்த வைத்தியசாலையிலும் ஆட்கள் போதார். ஆதலின் புண் வரக்கூடியவர் யாவர் என்பதைப் புண் வருமுன்னரே அறிதல் வேண்டும். இதற்கென அவர் வகுத்ததே நோட்டன் அளவுகோல். அதன்கண் ஐந்து கூறுகள் உள: உடல் நிலை, உள நிலை, நடமாட்டம், கை கால் அசைவு, மலசலம் அடக்கும் ஆற்றல். ஒவ்வொன்றுக்கும் நல்ல நிலையாயின் 4 புள்ளி. மிகத் தாழ்ந்த நிலையாயின் 1 புள்ளி. ஆகக் கூடியது 20; ஆகக் குறைந்தது 5. பதினான்கும் அதற்குக் குறைவும் பெற்றவர் ஆபத்துக்குரியவர்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவாம். மூதாட்டி ஒருவரின் உடல் நிலை நடுத்தரம், 3 புள்ளி. உள்ளம் சற்றுச் சோர்ந்தது, 3. கதிரையிலிருந்து தாமாக எழுந்து நடக்கமாட்டார்; 2. கை கால் அசைவு மிகக் குறைவு, 2. சிற்சில வேளை சலம் அடக்க இயலாது, 3. கூட்டினால் 13. அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும், தோலில் ஒரு கீறலுமில்லையாயினும், இன்றே காவலைத் தொடங்குதல் வேண்டும் என அவ்வெண் கூறுகின்றது.

விற்றிங்டனில் 250 நோயாளரிடத்து இதனை ஒப்புநோக்கினர். அவருள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர்க்குப் புண் வந்தது. மிகக் குறைந்த புள்ளி பெற்றவருள் ஏறத்தாழப் பாதிப் பேர் புண்ணுற்றனர்; மிகக் கூடிய புள்ளி பெற்றவருள் மிகச் சிலரே புண்ணுற்றனர். பெரும்பாலான புண்கள் வைத்தியசாலைக்கு வந்த முதலிரு கிழமைகளிலேயே தோன்றின. அஃதாவது, நோயாளி கட்டிலில் ஏறிய அன்றே கணக்கிடாவிடிற் காலங் கடந்துவிடும்.

நோட்டன் அம்மையார் இதனோடு நின்றாரல்லர். நெடுநாள் தங்கும் நோயாளரின் வைத்தியசாலைகள் பற்றி 1967 இலும், தாதியர் கையாளும் உபகரணங்கள் அவர்தம் வேலைக்குப் பொருந்துமாறு எண்ணிச் செய்யப்பட்டனவா, தற்செயலாக அமைந்தனவா என்பது பற்றி 1970 இலும் நூல்கள் வெளியிட்டார். 1980களில் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக் கேஸ் வெஸ்டேண் றிசேவ் பல்கலைக்கழகத்தில் முதியோர் தாதியியற் பேராசிரியராக அமர்ந்தார். பிரித்தானிய அரசு ஓ.பி.ஈ. என்னும் விருதளித்து அவரைச் சிறப்பித்தது.

பின்வந்தோர் பணி

ஒருவர் இட்ட அத்திவாரத்திற் பிறர் கட்டுதல் அறிவுலகின் வழக்கம். நோட்டன் அளவுகோலில் உணவு தனிக் கூறாக இல்லை. உராய்வும் இழுப்பும் இல்லை. இக்குறைகளை நோக்கி, அமெரிக்காவின் நெபிறாஸ்கா மாநிலத்துத் தாதியியல் அறிஞரான பாபரா பிறேடன், நான்சி பேர்க்ஸ்ட்றம் என்போர் புதியதோர் அளவுகோலை வகுத்து 1987 இல் வெளியிட்டனர். பிறேடன் அளவுகோல் எனப்படும் அதில் ஆறு கூறுகள் உள: உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வும் இழுப்பும். புள்ளிகள் 6 முதல் 23 வரை அமையும். 18 உம் அதற்குக் குறைவும் ஆபத்தைக் காட்டும். உலகின் பல நாடுகளில் இன்று இதுவே பெரிதும் வழங்குகின்றது.

பேர்க்ஸ்ட்றம் அம்மையார் தம் முதிர்ந்த காலத்தில் வினவிய வினா மாணவர் சிந்தித்தற்குரியது. இரண்டு மணித்தியாலம் என்பதை எல்லாருங் கடைப்பிடிக்கின்றோம், அது சரியானதா? ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரைக்கொண்டு அவர் குழுவினர் நடத்திய ஆராய்ச்சி 2013 இல் வெளிவந்தது. அனைவரும் அடர்ந்த நுரைமெத்தைகளிற் கிடத்தப்பட்டனர். சிலரை இரண்டு மணிக்கும், சிலரை மூன்று மணிக்கும், சிலரை நான்கு மணிக்கும் ஒருமுறை புரட்டினர். மூன்று வாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர்க்கே புண் வந்தது. மூன்று பிரிவினர்க்குமிடையே கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நல்ல மெத்தை உள்ள இடத்தில் நேர இடைவெளியை நோயாளிக்கேற்ப நீட்டலாம் என்பது இதனாற் போந்தது. நோயாளியின் உறக்கமும் கலையாது; தாதியின் நடுமுதுகும் நோகாது. எனினும் இதனைக் கொண்டு, மெல்லிய மெத்தையிலோ கயிற்றுக் கட்டிலிலோ கிடப்பவரை நான்கு மணித்தியாலம் அப்படியே விடலாம் என்று எண்ணுதல் பிழை.

மற்றொன்றுஞ் சொல்லுதல் வேண்டும். அளவுகோலை நிரப்பி வைப்பதனால் மட்டும் புண் குறையும் என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தவில்லை. தேர்ச்சி பெற்ற தாதியின் கண்ணும் கையும் அவ்வெண்ணோடு சேர்தல் வேண்டும். புள்ளியிட்டுத் தாளை மடித்து வைப்பவர், புள்ளி குறைந்த மாணவனின் பெயரின் கீழ்ச் சிவப்புக் கோடிட்டு விட்டு அவனுக்கு ஒன்றுங் கற்பியாத ஆசிரியரையே ஒப்பர்.

இல்லத்திற் பேணுவோர்க்கு

இப்பொருளை யான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தாயார் பாரிசவாதத்தால் வலப்பக்கம் உணர்விழந்து படுக்கையிற் கிடந்தார். நாங்கள் அவரை அன்போடு பேணினோம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாளுக்கு மூன்று முறை இடுப்பை ஸ்பிரிற்றுக் கொண்டு அழுத்தித் தேய்த்தோம், பவுடர் கொட்டினோம், காற்றடைத்த இறப்பர் வளையமொன்றை வாங்கி அதன்மேற் கிடத்தினோம். நல்ல உறக்கத்தில் இருக்கின்றார், எழுப்பவேண்டாம் என்று இராமுழுதும் மல்லாந்தபடியே விட்டோம். மூன்றாங் கிழமையில் இடுப்பின் பின்புறத்தில் ஒரு கருமை தோன்றிற்று. பின்னர் அது புண்ணாயிற்று. அப்புண் ஆறவேயில்லை. நாம் செய்தனவற்றுட் பெரும்பாலானவை பயனற்றன என்பதையும், செய்யாது விட்ட ஒன்றே செய்யவேண்டியதென்பதையும் அவர் மறைந்தபின் நூல்களிற் கண்டேன். அறியாமை அன்பின் உருவத்தில் வந்து இருந்தது. பிறர் இல்லத்திலும் அவ்வாறு வாராதிருத்தற்பொருட்டே இதனை ஈண்டு எழுதுகின்றேன்.

இன்றைய அறிஞர் பொதுவாக ஒப்புக்கொள்ளும் சில விதிகள் வருமாறு. எலும்பு துருத்திய இடங்களை அழுத்தித் தேய்த்தலாகாது; நலிந்த இழையம் மேலும் நலியும். வளைய மெத்தை ஆகாது. அது நடுவிடத்தைச் சூழ அமுக்கி இரத்தத்தைத் தடுக்கும். நோயாளியை இழுத்தலாகாது, விரிப்போடு தூக்கி நகர்த்துதல் வேண்டும். முழுப்பக்கமாகத் திருப்பினால் இடுப்பின் பக்க எலும்பிற் பாரம் விழும். ஆதலின் முதுகுப்புறம் ஒரு தலையணை வைத்து ஏறத்தாழ 30 பாகை சாய்த்தல் நன்று. கெண்டைக் காலின் கீழ் மென்மையான தலையணை வைத்துக் குதிக்கால் படுக்கையைத் தொடாதவாறு செய்க. கதிரையில் இருத்துவோரையும் அடிக்கடி இடம் அசைத்து இருத்துக. தோலைத் துப்புரவாகவும் உலர்ந்ததாகவும் வைத்திருக்க. பருப்பு, முட்டை, மீன், பால் முதலிய புரதமுள்ள உணவு, வைத்தியர் விலக்காதவரை, குறையாது கொடுக்க.

நம்மவர்க்குச் சிறப்பாக ஒன்று கூறவேண்டும். புண்ணின் முதற் குறி, விரலால் அமுக்கினாலும் வெளிறாத சிவப்பு என நூல்கள் கூறும். கரிய தோலில் இச்சிவப்புத் தெளிவாகத் தெரியாது. ஆதலின் கண்ணை மட்டும் நம்பாது கையாலும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். சுற்றியுள்ள தோலிலும் ஓரிடம் சூடாகவோ குளிர்ந்தோ, கடினமாகவோ தளர்ந்தோ இருப்பினும், நிறம் கருத்தோ நீலம் பாய்ந்தோ இருப்பினும், நோயாளி அங்கு நோகின்றதென்று சொல்லினும், அவ்விடத்தில் அமுக்கம் படாதவாறு உடனே மாற்றிக் கிடத்தி, வைத்தியருக்கோ தாதிக்கோ அறிவித்தல் வேண்டும்.

முடிவுரை

நமது கல்லூரியிற் பயின்றோர் பலர் வைத்தியராயினர். அதனை எண்ணி நாம் மகிழ்கின்றோம். தாதித் தொழிலை விரும்பும் மாணவன் ஒருவனை நோக்கி, இதற்கா இவ்வளவு படித்தாய் என்று கேட்போரும் நம்மிடையே உளர். அவர்க்கு நோட்டன் அம்மையாரின் வாழ்வு விடை கூறும். பேரறிஞர் பலர் தடுக்கமுடியாதென்று விட்ட ஒன்றை, கட்டிலருகே நின்றவர் ஒருவர் தாளும் எழுதுகோலுங் கொண்டு எண்ணிப் பார்த்தார். அவர் கண்ட முடிவுகளுட் சில பின்னர்த் திருத்தம் பெற்றன. அவர் காட்டிய வழி திருத்தம் பெறவில்லை. முன்னோர் செய்தனர் என்பதற்காக ஒன்றைச் செய்யாது, இதனாற் பயன் உண்டோ என்று வினவி, விடையை எண்ணிக் காண்பதே அவ்வழி.

நான்காங் கூறினை மறக்கும் மாணவர்க்கு யான் இப்போது இவ்வரலாற்றைச் சொல்லி வருகின்றேன். அதன்பின் அவர்கள் உழைச்செல்வானை மறப்பதில்லை.